டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, கிகாபிட் மட்டும் வரவில்லை

மாடிப்படி

வணக்கம். வீட்டு வேலை நடந்தபோதே சுவருக்குள் குழாய் பதித்து கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து வைத்தோம். கீழே அலமாரியில் ஸ்விட்ச், அங்கிருந்து ஆறு இடங்களுக்கு ஆறு லைன். கேபிளை இழுத்ததும், இரண்டு முனையிலும் ஆர்ஜே45 பிளக் அடித்ததும் கரண்ட் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்தான். குடிவந்த பிறகு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கிறேன், ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

நிலவரம் இதுதான். பக்கத்து அறைகளுக்குப் போகிற இரண்டு குட்டி லைன்களும் கிகாபிட் (1000 மெகாபிட்) என்றுதான் காட்டுகின்றன, ஆனால் பெரிய ஃபைல் எதையாவது காப்பி போட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று படுத்துவிடுகிறது, பிறகு எழுந்து கொஞ்சம் ஓடுகிறது, மறுபடி படுக்கிறது. நீளமான லைன்களில் மூன்று, என்ன செய்தாலும் 100 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. மாடியில் கடைசி அறைக்குப் போகிற லைன்தான் ரொம்ப மோசம். ஸ்விட்சில் விளக்கு எரியும், அணையும், எரியும், அணையும், அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சின்ன டெஸ்டர் ஒன்றை இரண்டு முனையிலும் மாட்டினார், 1 முதல் 8 வரை இரண்டு பக்கமும் வரிசையாக விளக்கு எரிந்தது. "கேபிள் பக்கா, உங்கள் ஸ்விட்ச்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ரெடிமேட் பேட்ச் கார்டால் (இரு முனையிலும் பிளக் போட்டே வருகிற குட்டி கேபிள்) அதே ஸ்விட்சில் நேராக மாட்டினால் முழு வேகமும் வருகிறது. ஆக ஸ்விட்ச் இல்லை.

பிளக்கின் பிளாஸ்டிக் வழியாக உள்ளே கம்பி வரிசை தெரிகிறது. கிளிப் கீழே இருக்கும்படி, கேபிள் என் பக்கம் வரும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் அச்சு அசலாக இதே வரிசை. நான் பார்த்த படங்களில் எல்லாம் பச்சை பிரிந்து போய் நடுவில் நீலம் உட்கார்ந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னால், "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும் சார், கரண்டுக்கு கலர் தெரியுமா?" என்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது, எட்டுக் கம்பியும் நேருக்கு நேர் போய்ச் சேர்கிறதே! வரிசை காரணமா, கேபிளே மட்டமா, சுவரை உடைக்க வேண்டியிருக்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பன்

சுவரை உடைக்க வேண்டாம். வரிசைதான் காரணம். அந்தக் கடைசி லைனில் மட்டும் கூடுதலாக வேறு ஏதோ இருக்கலாம், அதை அப்புறம் பார்க்கலாம். மற்ற ஐந்துக்கும் நோய் ஒன்றே.

கரண்டுக்குக் கலர் தெரியாது, சரி. ஆனால் எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு முறுக்கிக்கொண்டு போகிறது என்பது சிக்னலுக்கு நன்றாகவே தெரியும். நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு கம்பியில் அனுப்புகிறது. ஒன்றில் மின்னழுத்தம் ஏறினால் மற்றதில் அதே அளவு இறங்கும், வாங்குகிற பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறையச் சமமாக விழும், கழித்துப் பார்க்கும்போது காணாமல் போய்விடும். மீந்த கேபிள் துண்டு இருந்தால் உரித்து நான்கு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முறுக்கின் நெருக்கம் ஜோடிக்கு ஜோடி மாறும். ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

இப்போது சாக்கெட்டுக்கு வாருங்கள். ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் பின்களை 1-2, 3-6, 4-5, 7-8 என்றுதான் ஜோடி சேர்க்கின்றன. 3-ம் 6-ம் ஏன் இப்படி நடுவில் இரண்டைத் தாண்டிக் கை கோக்கின்றன என்றால், அது டெலிபோன் காலத்து மிச்சம். போன் பிளக்கில் முதல் லைன் நட்டநடு இரண்டு பின்னில் வரும், இரண்டாவது லைன் அதற்கு இரு புறமும் வரும். அதை ஒட்டியே கம்ப்யூட்டர் பிளக்கையும் அமைத்தார்கள். நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வரிசை அதுதான்.

உங்கள் எலக்ட்ரீஷியன் போட்ட வரிசையில் 1-2 ஆரஞ்சு ஜோடி, 7-8 பிரவுன் ஜோடி, இரண்டும் சரி. 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். அதாவது ஒரே சிக்னலின் இரண்டு பாதியும் இரண்டு வெவ்வேறு முறுக்கில் போகின்றன. மிஞ்சிய பச்சையும் வெள்ளை-நீலமும் 4-5. ஆக 3-6 சிக்னலும் 4-5 சிக்னலும் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டு கேபிள் முழுக்கப் பேசிக்கொண்டே போகின்றன. இதைத்தான் ஸ்ப்ளிட் பேர் என்பார்கள். சின்ன டெஸ்டர் பார்ப்பது 1-இல் விட்டது 1-இல் வந்ததா என்பதை மட்டும்தான். யார் யாரோடு முறுக்கியிருக்கிறார்கள் என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. எட்டு விளக்கும் எரியும், கேபிள் கெட்டுத்தான் இருக்கும்.

உங்களுக்கு வருகிற அறிகுறிகளும் இதோடு பொருந்துகின்றன. 100 மெகாபிட்டுக்கு 1-2, 3-6 இரண்டு ஜோடி போதும், 4-5 சும்மா கிடக்கும், அதனால் மடியில் உட்கார்ந்தவர் வாய் திறக்க மாட்டார். கிகாபிட் அப்படியில்லை. 1999-இல் வந்த 802.3ஏபி தரப்படி நான்கு ஜோடியும் வேலை செய்யும், ஒவ்வொன்றிலும் 250 மெகாபிட், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும். குட்டி லைனில் சிப்பே அந்த ஒட்டுப்பேச்சைக் கணக்குப் போட்டுக் கழித்துச் சமாளிக்கும், ஆனால் பாரம் ஏறும்போது பிழைகள் கொட்டும், அதுதான் உங்கள் ஃபைல் காப்பி படுத்து எழுந்திருப்பது. நீளமான லைனில் சமாளிக்க முடியாது, சில தடவை முயன்றுவிட்டு 100-க்கு இறங்கிவிடும்.

செய்ய வேண்டியது: இரண்டு முனையையும் வெட்டிவிட்டு டி568பி வரிசையில் போடுங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன்.

கேமராக்காரன்

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா செம்பன்? நானும் எத்தனையோ இடத்தில் கேமராவுக்கு லைன் இழுத்திருக்கிறேன், கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஜோடி ஜோடியாகத்தான் அடிக்கிறார்கள். எல்லாம் ஓடுகிறது. பிஓஇ-யில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுப்பது) கரண்டும் போகிறது, படமும் வருகிறது. வரிசை தப்பு என்று யாரும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. மாடிப்படி, முதலில் நல்ல பிளக் வாங்கி அதே வரிசையில் திரும்ப அடித்துப் பாருங்கள், மட்டமான பிளக்காக இருக்கும்.

செம்பன்

கேமராக்காரன், நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். பெரும்பாலான கேமராக்களில் இருப்பது 100 மெகாபிட் போர்ட், அதற்குத் தேவையும் அதில் ஒரு சின்னப் பங்குதான். 4-5-இல் டேட்டாவே போகாது. பிஓஇ என்பது டிசி, அதற்கு முறுக்கு எப்படி இருந்தாலும் கவலையில்லை, கம்பி முழுதாக இருந்தால் போய்விடும். அதனால் கேமரா ஓடுகிறது என்பது அந்த வரிசை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. அதே கேபிளில் நாளைக்கு யாராவது ஒரு கிகாபிட் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டும்போதுதான் தெரியும், அப்போது உங்களைக் கூப்பிட மாட்டார்கள், ஆக்சஸ் பாயின்ட் மட்டம் என்று திட்டிவிட்டு வேறு வாங்குவார்கள்.

சரியான வரிசையில் அடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகாதே, பிறகு ஏன் இந்த வீண் பிடிவாதம்?

பேட்ச்பேனல்

வரிசை விஷயத்தில் செம்பன் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் மறுபடி பிளக்கே அடிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். சுவருக்குள் போகிற கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செம்புக் கம்பி, கெட்டியானது. பேட்ச் கார்டில் மெல்லிய இழைகள் பலவற்றைத் திரித்திருப்பார்கள். பிளக்குக்குள் இருக்கும் உலோகப் பல்லும் இதற்கேற்ப இரண்டு வகை. இழைக் கம்பிக்கானது நடுவில் குத்தி இறங்கும், ஒற்றைக் கம்பிக்கானது கம்பியை இரு புறமும் கவ்வும். கடையில் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள், நாமும் வாங்கிவிடுவோம். இழைக் கம்பிக்கான பிளக்கை ஒற்றைக் கம்பியில் அடித்தால் அன்றைக்கு வேலை செய்யும், டெஸ்டரும் பச்சை காட்டும், பிறகு பிளக்கை நாலு முறை ஆட்டி அசைத்தால் பிடி தளர்ந்து ஏதாவது ஒரு கம்பி விட்டு விட்டுத் தொடும். கோளாறு என்றால் இதுதான் கொடுமையான கோளாறு, தேடும்போது இருக்காது.

அதனால் சுவர்ப் பக்கம் கீஸ்டோன் ஜாக் (பிளக் செருகுகிற சாக்கெட்), அலமாரிப் பக்கம் பேட்ச் பேனல் (சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும் பலகை) அல்லது அங்கேயும் ஜாக். அதிலிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு. 100 மீட்டர் என்று எல்லோரும் சொல்கிற கணக்கே இப்படித்தான் வருகிறது, சுவருக்குள் 90 மீட்டர், இரண்டு முனைப் பேட்ச் கார்டுகளும் சேர்த்து 10. வீட்டுக்குள் நீங்கள் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள், ஆனால் அசையாத கேபிள் ஜாக்கில் முடியட்டும், அசைகிற வேலையைப் பேட்ச் கார்டு பார்க்கட்டும்.

ஜாக் அடிக்கும்போது ஒரு விஷயம். ஜாக்கின் இரு புறமும் கலர் ஸ்டிக்கர் இருக்கும், ஏ (டி568ஏ) ஒரு வரிசை, பி (டி568பி) ஒரு வரிசை. அந்த ஸ்டிக்கரில் கம்பிகள் 1, 2, 3 என்று பிளக்கில் வருகிற வரிசையில் இருக்காது, ஜாக்குக்கு ஜாக் மாறும், உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு அதைச் சரியான பின்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மனப்பாடம் செய்த வரிசையை அங்கே பயன்படுத்தாதீர்கள், ஸ்டிக்கரில் பி என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அதிலும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஜோடியை முறுக்கோடேயே கொண்டுபோய், கவ்வும் இடத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். பஞ்ச் டவுன் டூலின் (கம்பியை ஜாக்கில் அழுத்தி மீதியை வெட்டுகிற கருவி) வெட்டும் பக்கம் வெளியே பார்க்கட்டும். உள்ளே பார்த்தால் நல்ல கம்பியை வெட்டிவிட்டு வாலை ஜாக்கில் விட்டுவிடும். டூலில் 110 பிளேடும் குரோன் பிளேடும் வேறு வேறு, ஜாக்கின் உறையில் எது என்று போட்டிருக்கும்.

பிளக்தான் வேண்டும் என்றால் (ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மேலே சீலிங்கில் சில நேரம் வேறு வழியிருக்காது) கேட்6 ஒற்றைக் கம்பிக்கென்றே வருகிற பிளக்காகப் பாருங்கள். கேட்6 கம்பி கொஞ்சம் தடிமன், கேட்5இ பிளக்கில் நுழைய மறுக்கும், நுழைந்தாலும் நசுங்கும். வெளி உறை பிளக்குக்குள் போய், உறையை அழுத்திப் பிடிக்கிற ஆப்புக்குக் கீழே மாட்டியிருக்க வேண்டும். உறை வெளியே நின்று எட்டுக் கம்பியும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடியுங்கள். கம்பி மறுபுறம் வெளியே வந்து நிற்கிற பாஸ் த்ரூ பிளக் வரிசை பார்க்க வசதிதான், ஆனால் கிரிம்பிங் டூலின் பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டுவாயில் செம்புப் பிசிறு நீட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தொடும். எனக்கு அது பிடிக்காது.

மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் புரிகிறது. மூன்று சந்தேகம்.

ஒன்று, ஏ போடலாமா பி போடலாமா? ஒரு படத்தில் ஏ-தான் வீட்டுக்கு என்று இருந்தது. இரண்டாவது, அலமாரிப் பக்கம் கேபிள் குறைவாகத்தான் விட்டிருக்கிறார், ஒருமுறை வெட்டலாம், இரண்டாவது முறை வெட்டினால் எட்டாது. மூன்றாவது, ஸ்ப்ளிட் பேர் இருக்கிறதா என்று டெஸ்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? இந்த முறை யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பி மூடிவிட எனக்கு மனமில்லை.

செம்பன்

ஏ, பி இரண்டும் மின்சாரக் கணக்கில் ஒன்றுதான், ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், அவ்வளவே. வீட்டு வயரிங்குக்கான அமெரிக்கத் தரம் ஏ-வைச் சொல்கிறது என்பது உண்மை, ஆனால் நடைமுறையில் நீங்கள் வாங்கும் ரெடிமேட் கார்டும் அடுத்து வரும் ஆளின் பழக்கமும் பெரும்பாலும் பி-யாகத்தான் இருக்கும். ஒரு முனை ஏ, மறு முனை பி என்றானால் அது கிராஸ் கேபிள். இப்போதைய ஸ்விட்சுகள் தானாகவே திருப்பிக்கொள்ளும் என்பதால் அதுவும் ஓடிவிடும், ஆனாலும் பின்னால் பார்க்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பி என்று முடிவு செய்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேபிள் குறைவு என்றால் ஜாக்தான் சரியான வழி. ஜாக் பிசகினால் கம்பியைப் பிடுங்கி அதே நீளத்தில் மறுபடி அடிக்கலாம், பிளக் என்றால் ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டும். உறையை உரிக்கும்போது பிளேடை ஆழமாக இறக்காதீர்கள், கம்பியின் மேல் கீறல் விழுந்தால் அது அங்கேதான் ஒடியும். லேசாகச் சுற்றி ஒரு கோடு போட்டு, வளைத்தால் உறை தானாகப் பிளந்துகொள்ளும்.

சோதிக்க, இரண்டு கம்ப்யூட்டரில் ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கிற மென்பொருள்) போட்டு அந்த லைன் வழியாக ஓட விடுங்கள். நல்ல கிகாபிட் லைனில் 940 மெகாபிட் சுமாருக்கு வரும், இரண்டு திசையிலும் வர வேண்டும், சில நிமிடம் ஓடினாலும் அசையக் கூடாது. கூடவே ஸ்விட்சின் போர்ட் புள்ளிவிவரத்தில் சிஆர்சி பிழை (கெட்டுப்போய் வந்த டேட்டா) எண்ணிக்கையைப் பாருங்கள். லினக்ஸ் என்றால் எத்டூல் என்கிற கமாண்ட் அதையும் காட்டும். அந்த எண் நகரக் கூடாது. வேகம் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், பிழை விழுந்தாலும் மறுபடி அனுப்பிச் சமாளித்துக்கொண்டிருக்கும். இதுவே பெரிய அலுவலகம் என்றால் ஒட்டுப்பேச்சையே அளக்கிற சர்ட்டிஃபையர் கருவியோடு ஆள் வருவார், வீட்டுக்கு அது தேவையில்லை.

அடிசுரண்டி

மேலே யாரும் தொடாத ஒன்று: கேபிள் உண்மையிலேயே செம்புதானா என்று பார்த்தீர்களா? அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசி கேட்6 என்று எழுதி விற்கிறார்கள், உறையின் மேல் சின்னதாக சிசிஏ என்று இருக்கும், பல நேரம் அதுகூட இருக்காது. மீந்த துண்டில் ஒரு கம்பியை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் எடுத்தாலே கேபிள் லேசாக இருக்கும், கம்பியை நாலு முறை முன்னும் பின்னும் வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும்.

அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேட் தரங்கள் கேட்பது செம்புக் கம்பி, ஆகவே இது என்ன எழுதியிருந்தாலும் கேட்6 ஆகாது. வெறும் டேட்டாவுக்குச் சின்ன தூரத்தில் ஓடிவிடலாம், பிஓஇ போட்டால் கேபிள் சூடாகும், அந்தப் பக்கம் மின்னழுத்தம் குறையும். 802.3பிடி என்கிற பிஓஇ தரத்தில் 90 வாட் வரைக்கும் ஸ்விட்சிலிருந்து அனுப்புகிறார்கள், அதை இந்தக் கம்பியில் விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. அலுமினியமாக இருந்தால் ஜாக், பேனல் என்று செலவு செய்வதற்கு முன்பே கேபிளை மாற்றும் யோசனைக்குப் போய்விடுங்கள்.

மாடிப்படி

சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வரைக்கும் செம்பு. அந்தப் பயம் போயிற்று.

ஆறு லைனுக்கும் இரண்டு பக்கமும் ஜாக் போட்டாயிற்று, எல்லாம் பி. குட்டி லைன் இரண்டும் 940 தொட்டு அப்படியே நிற்கின்றன, பிழை எண்ணிக்கை பூஜ்யம். 100-இல் நின்ற மூன்றும் இப்போது கிகாபிட், அவற்றிலும் பிழை இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "நல்லது சார்" என்று மட்டும் பதில் வந்தது.

மாடியின் கடைசி அறை மட்டும் அப்படியே இருக்கிறது. சில நேரம் கிகாபிட் பிடித்துக் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு விளக்கு அணையும், வரும், 100-இல் உட்காரும். ஜாக்கை இரண்டு பக்கமும் பிடுங்கி மறுபடி அடித்தும் மாற்றமில்லை. டெஸ்டரில் எட்டும் எரிகிறது.

பேட்ச்பேனல்

ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் எந்த வேகம் என்று முதலில் பேசி முடிவு செய்வது 1-2, 3-6 ஜோடிகளில் மட்டும்தான். அந்தப் பேச்சில் இரண்டும் "கிகாபிட் முடியும்" என்று ஒப்புக்கொண்டுவிடும், பிறகு நான்கு ஜோடியையும் கிளப்பும்போது நீலமோ பிரவுனோ சரியில்லை என்றால் லைன் விழும். மறுபடி பேச்சு, மறுபடி கிகாபிட், மறுபடி விழும். சில சிப்புகள் சில முயற்சிக்குப் பிறகு 100-க்கு இறங்கிவிடும், சில இறங்காமல் இதையே செய்துகொண்டிருக்கும். உங்கள் விளக்கு எரிந்து அணைவது இதுதான். ஆகவே நீலம் அல்லது பிரவுன் ஜோடி எங்கேயோ விட்டு விட்டுத் தொடுகிறது. டெஸ்டர் மிக மெதுவாக ஒவ்வொரு கம்பியாகப் பார்ப்பதால் அரைகுறைத் தொடுகைக்கும் விளக்கு போட்டுவிடும்.

போர்ட் புள்ளிவிவரம் பார்க்க முடிகிறது என்றால் உங்களுடையது மேனேஜ்டு ஸ்விட்ச். அதே பக்கத்தில் கேபிள் டெஸ்ட் அல்லது கேபிள் டயக்னாஸ்டிக்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு துடிப்பை அனுப்பி, கேபிளின் 100 ஓம் மாறுகிற இடத்திலிருந்து அது திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்த்து, கோளாறு எத்தனை மீட்டரில் என்று சொல்லும். ஒரு மீட்டர் முன்னே பின்னே இருக்கும், ஆனால் எந்த முனை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சில தடவை ஓட்டிப் பாருங்கள்.

மாடிப்படி

இருந்தது! மூன்று ஜோடி நல்லது என்கிறது. நீல ஜோடி மட்டும் ஒருமுறை நல்லது என்கிறது, அடுத்த முறை 11 மீட்டரில் ஓபன் (கம்பி விட்டுப்போயிருக்கிறது) என்கிறது. குழாய் போகிற வழியை அளந்து பார்த்தால் அது மாடி திரும்புகிற இடம், அங்கே வெற்று மூடி போட்ட ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கிறது. திறந்தேன். உள்ளே இரண்டு கேபிள்! எட்டுக் கம்பியையும் கையால் முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மொத்தத்துக்கும் ஒரு டேப் சுற்றி வைத்திருக்கிறார். கேபிள் எட்டாமல் போயிருக்கும் போல. ஒரு சாணுக்கு முறுக்கே இல்லை, வெறும் தனித்தனிக் கம்பிகள்.

இதை நன்றாகச் சால்டர் வைத்தால் போதுமா?

செம்பன்

சால்டர் வைத்தால் தொடுகை சரியாகும், ஒரு சாண் முறுக்கில்லாத இடம் அப்படியே இருக்கும். கரண்ட் வயரை ஒட்டுகிற பழக்கத்தை அவர் இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்.

புதிய கேபிள் ஒன்றை முழுசாக இழுத்துவிடுங்கள். பழைய கேபிளின் இரண்டு துண்டும் குழாய்க்குள் கிடப்பது உங்களுக்கு வசதி, அதையே இழுகயிறாக வைத்துக்கொள்ளலாம். பாக்ஸிலிருந்து ஒவ்வொரு பக்கமாக இழுங்கள். முதலில் பழைய துண்டில் ஒரு நைலான் கயிறைக் கட்டி அதை உள்ளே கொண்டுவந்துவிட்டால், கேபிள் நடுவில் கழன்றாலும் வழி போகாது. புதிய கேபிளோடு இன்னொரு கயிறையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். முடிச்சுப் பகுதி தடிமனாக இல்லாமல் டேப்பால் வழவழப்பாகச் சுற்றுங்கள். இந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, அந்தப் பக்கம் ஒருவர் கேபிளைச் சுருள் விழாமல் ஊட்ட வேண்டும். இழுவிசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு, அதாவது சுமார் 11 கிலோ எடையைத் தூக்குகிற பலம். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்கு நீண்டு போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் கேபிளின் தடிமனைப் போல நான்கு மடங்காவது ஆரம் இருக்கட்டும், உங்கள் கேபிளுக்கு அது 25 மி.மீ. வரும்.

அந்த பாக்ஸில் கரண்ட் வயரும் சேர்ந்து போகிறதா என்று ஒரு கண் பாருங்கள். போனால் இழுக்கும் முன் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், நெட்வொர்க் கேபிளை அதே குழாயில் திரும்பப் போடவும் கூடாது.

பேட்ச்பேனல்

குழாய் இறுகிப்போய் இழுக்கவே வரவில்லை என்றால் மட்டும்: கேட்6 என்று தரம் போட்ட கேபிள் ஜங்ஷன் பாக்ஸ் கிடைக்கும், சின்ன டப்பி, இரண்டு பக்கமும் பஞ்ச் டவுன் செய்கிற மாதிரி. பழைய ஒட்டை இரு புறமும் முறுக்கு கெடாத இடம்வரை வெட்டி அதில் அடித்துவிடுங்கள். மூடி திறக்கக்கூடிய இடத்தில் இருப்பதால் அது போதும், சுவருக்குள் பூசி மறைக்கிற இடமாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். கேபிள் இரண்டு பக்கமும் எட்டவில்லை என்றால் நடுவில் ஒரு துண்டு, இரண்டு டப்பி என்று போகாதீர்கள், அந்த நிலை வந்தால் செம்பன் சொன்னபடி புதியது இழுப்பதுதான் வழி.

மாடிப்படி

பாக்ஸில் கரண்ட் வயர் இல்லை, தனிக் குழாய்தான். கீழ்ப்பக்கத் துண்டை லேசாக இழுத்துப் பார்த்தேன், நகர்கிறது. மாடிப்பக்கத் துண்டு அசையவில்லை, அங்கே இரண்டு திருப்பம் இருக்கிறது. நைலான் கயிறு வாங்கி வந்து கீழ்ப்பக்கத்தை முதலில் முடிக்கிறேன். மேலே வரவில்லை என்றால் அந்த டப்பி. முடிந்ததும் ஐபெர்ஃப்3 எண்ணையும் பிழை எண்ணிக்கையையும் இங்கேயே போடுகிறேன்.